கத்திரி வெயிலில் செட்டிநாட்டைச் சைக்கிளில் கடப்பது: ஒரு முழு நாளுக்கான வழிகாட்டி

மே மாதத்தில் செட்டிநாட்டுப் பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறோம் என்று சொன்னால், வீட்டில் முதலில் கேட்பது "புத்தி கெட்டுப் போச்சா?" என்றுதான். நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் பாதிப் பேர் வாத்தியார்கள். அவர்களுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது கோடையில்தான். அதனால் திருச்சியில் கிளம்பி இராமேஸ்வரத்தில் முடியும் எங்கள் நாலு நாள் பயணம் கத்திரியில்தான் விழுகிறது. அதில் இரண்டாம் நாள் புதுக்கோட்டையிலிருந்து தேவகோட்டை வரை, செட்டிநாட்டின் குறுக்கே, சுற்றி வளைத்துச் சுமார் 80 கிலோமீட்டர்.

தூரத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது சமவெளி, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மார்கழியில் மதியத்துக்குள் முடித்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம். கத்திரியில் அதே சாலை வேறு சாலை. நிழலில் 38, 39 டிகிரி சாதாரணம், 40 தொடுகிற நாளும் உண்டு. தார்ச்சாலையின் மேல்பரப்பு அதைவிட 15, 20 டிகிரி கூடுதலாகக் காயும்.

இந்த நாளை எப்படி ஓட்டக்கூடாது என்பதை முதல் வருடமே கற்றுக்கொண்டோம். லாட்ஜில் ஆறரைக்குத்தான் டிபன் என்றார்கள். சரி, சாப்பிட்டே போகலாம் என்று ஏழேகாலுக்குக் கிளம்பினோம். பன்னிரண்டரை மணிக்குக் குன்றக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நின்றபோது, எங்களோடு வந்த பேங்க் நண்பர், "மதுரை பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நக்கல் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். திரும்பவும் கேட்டார். அவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டுதான் இருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைக்கார அக்காதான் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தார். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. 108 வந்தது, இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பிழைத்துக்கொண்டார். இப்போதும் எங்களோடு வருகிறார், எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிடுகிறார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம்: காலை பத்தரைக்குச் சக்கரம் நிற்க வேண்டும், மாலை நாலேகாலுக்கு முன் அசையக் கூடாது. கீழே வரும் எல்லாமே இந்த இரண்டு மணிகளைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால்

ஏசி அறையில் வேலை பார்ப்பவர் நேராக வந்து கத்திரியில் இறங்கினால் எந்த உபாயமும் உதவாது. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் இரத்தத்தின் திரவ அளவு கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். அதற்காக உச்சி வெயிலில் போய் நிற்க வேண்டியதில்லை. காலை எட்டரை, ஒன்பது மணி வெயிலில் தினமும் ஒரு மணி நேரம் நிதானமாக ஓட்டினால் போதும். முதல் நாலு நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

இதே நாட்களில் இன்னொரு வேலை. ஒருநாள் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். முன்னால் 60 கிலோ, ஒரு மணி நேரம் கழித்து 59.4, நடுவில் குடித்தது அரை லிட்டர் என்றால், உங்களுக்கு மணிக்கு 1.1 லிட்டர் வியர்க்கிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். எங்கள் குழுவில் ஒருவருக்கு 700 மில்லி, இன்னொருவருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். இருவருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஒருவர் கஷ்டப்படுவார். ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அதுவும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், அதிலும் சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரை என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவேண்டும். கேட்காமல் வந்தால் எங்கள் குழுவில் சேர்ப்பதில்லை. தயவு தாட்சண்யம் பார்க்கிற விஷயம் இல்லை இது.

முந்தின நாள் ராத்திரி

பன்னிரண்டு பேர் என்றால் காலை ஓட்டத்துக்கு மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர், மொத்தம் 36. இருபது லிட்டர் கேன் இரண்டு. இதைச் சுமக்கவும், முடியாதவரை ஏற்றிக்கொள்ளவும் ஒரு குட்டி யானை பின்னால் வரும். வண்டி இல்லாமல் போகலாமே என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் சொல்வார். போகலாம், தை மாதத்தில்.

உப்புச் சர்க்கரைக் கரைசலை நாங்களே கலக்கிறோம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூனின் மேல் தலை தட்டி. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள், கூடினால் வாந்தி வரும். மருந்துக் கடை ஓஆர்எஸ் பொட்டலம் பத்துப் பன்னிரண்டு தனியாக இருக்கட்டும். வாங்கும்போது பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓஆர்எஸ் மாதிரியே அட்டை டப்பாவில் வரும் பழச்சுவை பானங்களில் சர்க்கரைதான் அதிகம்.

ஆளுக்கு இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் கரைசல். வெறும் தண்ணீர் தலையில் ஊற்றவும் ஆகும். கரைசலை ஊற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்கள் கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள். காரைக்குடி வரை ஈ அவரை விடவில்லை.

துணிமணி பற்றி நீட்ட வேண்டியதில்லை: வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய துணி, கழுத்துக்கு ஈரத் துண்டு. ஆனால் ஒரு நாலு முழ வேட்டியைக் கண்டிப்பாக மடித்து வையுங்கள். கோயிலுக்குள் போக இறுக்கமான சைக்கிள் டிரவுசருக்கு மேல் சுற்றிக்கொள்ளலாம், மதியம் திண்ணையில் விரித்துப் படுக்கலாம், அவசரத்துக்கு நனைத்து ஒருவர் மேல் போர்த்தலாம். பெண்கள் ஒரு பருத்தித் துப்பட்டா வைத்துக்கொண்டால் இதே வேலைகள் நடக்கும்.

டயருக்குக் காற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே அடியுங்கள். அதிகாலைக் குளிரில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர், வெயிலில் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் 90-ஐ நெருங்கிவிடும். பழைய டியூப், வெயிலில் சாத்திய சைக்கிள், பதினோரு மணிக்குப் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கேட்டிருக்கிறோம்.

நாலே முக்கால்: புதுக்கோட்டை

மூன்றே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு டிபன் இறங்காது. ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட், காபி, கால் லிட்டர் தண்ணீர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடைகள் அப்போதே பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்.

மே மாதத்தில் சூரிய உதயம் ஆறுக்குச் சற்று முன்னால்தான். ஆக முதல் முக்கால் மணி நேரம் இருட்டு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாதவர் விடியும் வரை குட்டி யானையில் வரட்டும். ஒற்றை வரிசை. பேச்சு வேண்டாம். இந்தச் சாலையில் மணல் லாரியும் இராமேஸ்வரம் போகும் பஸ்களும் அந்த நேரத்தில்தான் பறக்கும்.

குழுவில் இரண்டு பேருக்கு மட்டும் பொறுப்பு. முன்னால் போகிறவர், எங்கள் பேச்சில் 'தலை', வேகத்தைத் தீர்மானிப்பார். கடைசியில் வருகிறவர் 'வால்'. வாலை யாரும் முந்தவிட்டுப் பின்தங்கக் கூடாது. தலையாக இருப்பவர் குழுவிலேயே வேகமானவராக இருக்கக் கூடாது என்பது எங்கள் அனுபவம். முழங்கால் வலிக்காரர் ஒருவரை நாங்கள் தலையாகப் போடுகிறோம், மணிக்கு 18-ஐத் தாண்டாது, யாரும் சிதறுவதில்லை. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் காற்று எதிர்ப்பு குறையும் என்பார்கள், உண்மைதான். ஆனால் பின்னால் இருப்பவருக்கு உடம்பில் படும் காற்றும் குறையும், வியர்வை காயாது. ஏழு மணிக்கு மேல் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள்.

ஆறேகால்: திருமயம்

இருபது கிலோமீட்டர். இருட்டு விலகி, வானம் வெளுத்து, சாலையிலிருந்தே மலைக்கோட்டை தெரியும். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டியது. சைக்கிளைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்க்கலாம், ஏறிப் பார்க்க நேரம் இல்லை, கோட்டைக் கதவும் அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் இது என்று ஒரு வாத்தியார் ஒவ்வொரு வருடமும் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்போம்.

இங்கே பத்து நிமிடம் மட்டும். பாட்டில் நிரப்பு, சிறுநீரின் நிறத்தைப் பார். வெளிர் மஞ்சள் என்றால் சரி, டீ டிக்காஷன் நிறம் என்றால் ராத்திரியே தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். இதை வெட்கப்படாமல் வாலிடம் சொல்லிவிட வேண்டும்.

திருமயத்தைத் தாண்டினால் மண்ணின் நிறம் மாறும். செம்மண், நடுநடுவே செம்புறைக்கல். இந்தச் சரளை மண்ணில் நீர் அதிகம் தங்காது. அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தார்கள். சாலையோரம் படித்துறை கட்டிய ஊருணியைப் பார்த்ததும் இறங்கிக் காலை நனைக்கத் தோன்றும். குடிதண்ணீர் ஊருணியாக இருந்தால் காலை வைக்காதீர்கள். ஊர்க்காரர் திட்டினால் அது உங்கள் தப்பு.

பதநீர் இந்த நேரத்தில்தான் கிடைக்கும், எட்டு மணிக்கு மேல் தேடாதீர்கள். ஒரு டம்ளர் போதும். வயிற்றுக்குப் பழக்கமில்லாதவர் ஆசைக்கு மூன்று டம்ளர் குடித்தால் அடுத்த பத்துக் கிலோமீட்டர் கருவேலங்காட்டைத் தேடுவார்.

அந்தக் காடு பற்றியும் சொல்ல வேண்டும்.

முள்

இந்தச் சீமையில் சைக்கிளுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேலம். ஆடு மேய்க்கிறவர்கள் கிளையை வெட்டி வேலி அடைப்பார்கள், விறகு வண்டியிலிருந்து சுள்ளி விழும், சாலை ஓரத்தில் காய்ந்த முள் கிடக்கும். காரும் பஸ்ஸும் ஓரத்துக்குத் தள்ளும்போது நாம் நேராக அதன் மேல் ஏறுவோம். ஒரு காலையில் ஒன்பது பஞ்சர் பார்த்த வருடம் உண்டு.

ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். வெயிலில் ஒட்டும்போது தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, நிழலுக்குப் போகாமல் சாலையிலேயே உட்காருவது. பஞ்சர் போடும் பதினைந்து நிமிடத்தில் ஓட்டத்தின்போது கிடைத்த காற்று நின்றுவிடும், உடம்புச் சூடு சட்டென்று ஏறும். ஐம்பது அடி தள்ளி வேப்ப மரம் இருந்தால் உருட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, டியூபை ஒட்டிவிட்டு முள்ளை மறப்பது. இந்த முள் டயருக்குள் நுனி ஒடிந்து நிற்கும். வெளியே ஒன்றும் தெரியாது. டயரின் உள்பக்கம் விரலை ஓட்டாதீர்கள், குத்திக் கிழிக்கும். ஒரு பழைய பனியன் துணியை மெல்ல ஓட்டுங்கள். நூல் எங்கே இழுபடுகிறதோ அங்கே இருக்கிறது. டயரை அந்த இடத்தில் மடித்தால் கறுப்புப் புள்ளி மாதிரி தலை காட்டும், நகவெட்டியால் வெளியே இழுங்கள். உள்ளே தள்ள முயன்றால் இன்னும் ஒடியும். ஒன்று எடுத்தபின் நிறுத்தாமல் முழு வட்டமும் பாருங்கள். அநேகமாக இன்னொன்று இருக்கும்.

மூன்றாவது, சொல்யூஷன். தடவியதும் பேட்சை ஒட்டிவிடக் கூடாது, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வரும்வரை காய வேண்டும். குளிர்காலத்தில் ஐந்து நிமிடம் ஆவது இங்கே இரண்டே நிமிடத்தில் காயும். மெல்லியதாகப் பூசினால் அதற்கு முன்பே வறண்டுவிடும், அப்போது பேட்ச் ஒட்டினாற்போல் இருந்து, மதியம் டயர் சூடேறியதும் கழன்றுவிடும். அவசரம் என்றால் டியூபையே மாற்றிவிட்டு, ஒட்டுவதை மதியத் திண்ணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப்.

ஏழரை: கானாடுகாத்தான்

பெரிய சாலையிலிருந்து பிரிந்து ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் என்று நீளும் வீடுகள். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஊர். அவர் அரண்மனை வாசலில் நின்று போட்டோ எடுக்காமல் யாரையும் நகர்த்த முடியாது. இருபது நிமிடம் ஒதுக்கிவிடுங்கள், சண்டை போட்டுப் பயன் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இவ்வளவு பெரிய வீடுகள் இருக்கும் தெருவில் கடை இருக்காது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், குடும்பங்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வருவார்கள். தண்ணீர் தீர்ந்தால் திறந்திருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் நின்று, "ஆச்சி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஒரு தடவை அப்படிக் கேட்டபோது உள்ளேயிருந்து வந்த ஆச்சி எங்கள் ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எங்கேருந்து வாரீக? சம்பளம் ஏதும் குடுக்கிறாகளா இதுக்கு?" என்றார். இல்லை என்றதும் ஒரு தூக்கு நிறைய மோர் வந்தது.

டிபனை இங்கேயோ பக்கத்துப் பள்ளத்தூரிலோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இட்லி, இடியாப்பம் என்றால் நல்லது. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்தால் மறுக்க முடியாது, எனக்குத் தெரியும். எண்ணெய்ப் பலகாரம் இரண்டோடு நிறுத்துங்கள். கந்தரப்பத்தை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு மதியம் சாப்பிடலாம். வெயிலில் ஓடும்போது உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி வெப்பத்தை வெளியேற்றப் பார்க்கும், காலும் கேட்கும். நடுவில் வயிறும் கேட்டால் மூன்றுக்கும் பற்றாது.

எட்டே முக்கால்: ஆத்தங்குடி

பதினோரு கிலோமீட்டர் கிராமத்துச் சாலை, வண்டி குறைவு, ஆடு அதிகம். இந்த நாளில் ஓட்டுவதற்கே சுகமான துண்டு இதுதான், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம்.

பூக்கல் பட்டறைக்கு அரை மணி நேரம் கொடுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ண சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் விடுவார்கள். அச்சைத் தூக்கும்போது கோடு கலையாமல் இருக்கும், அந்தக் கையின் நிதானம் பார்க்கத் தகுந்தது. மேலே உலர்ந்த மணல் கலவை, அப்புறம் சிமெண்டுப் பூச்சு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். பளபளப்பு பாலிஷில் வருவதில்லை, கண்ணாடி கொடுத்தது. நாங்கள் அங்கே நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடு வேயப்பட்ட கொட்டகை, ஈரத் தரை, ஓட்டத்தின் நடுவில் உடம்புச் சூடு நன்றாக இறங்குகிறது.

இங்கே வால் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்பார்: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய், இங்கிருந்து அடுத்து எந்த ஊர். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறுகிறவர் குட்டி யானையில் ஏறுவார். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஒன்பதேகால் முதல் பத்தரை வரை

இந்த ஒன்றேகால் மணி நேரம்தான் நாளின் கடினமான பகுதி. குன்றக்குடி வழியாகக் காரைக்குடி, இருபது கிலோமீட்டர். முருகன் மலை தூரத்திலேயே தெரியும், வந்துவிட்டது போலவே இருக்கும், வராது. பிள்ளையார்பட்டிக்கும் போய்விடலாம், நாலு கிலோமீட்டர்தானே என்று ஒருவர் ஆரம்பிப்பார். குடைவரைக் கோயில், பார்க்க வேண்டியதுதான். ஆனால் போய்வர எட்டு, தரிசன வரிசை முக்கால் மணி, வெளியே வரும்போது மணி பதினொன்றரை. முதல் வருடம் நாங்கள் செய்தது அதைத்தான். பிள்ளையாரை வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மதியம் தூங்கி எழுந்தபின் விருப்பமுள்ளவர்கள் ஆட்டோவில்.

இந்தத் துண்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலை கையைத் தூக்குவார், எல்லோரும் மூன்று நாலு மடக்கு குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பதில்லை, வயிறு குலுங்கும் அளவுக்குக் குடிப்பதும் இல்லை. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அது காய்ந்ததும் நனைத்துக்கொண்டே வாருங்கள். வியர்வை சொட்டுவதால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். துண்டின் தண்ணீர் ஆவியாகி உங்கள் வியர்வையைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும்.

யாராவது விழுந்தால்

தலைவலி, குமட்டல், காலில் சுருக்குப் பிடிப்பது, தலைசுற்றல். ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அன்றைக்கு அவருக்கு ஓட்டம் முடிந்தது. வலிக்கு இப்யூபுரூஃபன் வகை மாத்திரை கொடுக்காதீர்கள், நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பேச்சு குழறினால், இடம் தெரியாமல் உளறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், அதே நேரத்தில் மற்றவர்கள் ஹெல்மெட், ஷூ, சட்டையைக் கழற்றி, கேன் தண்ணீர் முழுவதையும் உடம்பு மேல் ஊற்றி, வேட்டியால் விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, குளிர வைப்பதுதான் முதல் சிகிச்சை. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

பத்தரை முதல் நாலேகால் வரை: காரைக்குடி

வழிகாட்டி எழுதுகிறவர்கள் மதிய ஓய்வை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்த நாளில் செட்டிநாடு என்ன என்று புரிவதே இந்த ஆறு மணி நேரத்தில்தான்.

லாட்ஜ் வேண்டாம். நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு எங்களுக்குக் கிடைக்கிறது. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால், தங்கும் இடமாக மாற்றிய பழைய வீடுகள் இருக்கின்றன, பகல் பொழுதுக்கு மட்டும் பேசிப் பாருங்கள். வெளியே 39 டிகிரி. திண்ணை ஏறி, முகப்பைத் தாண்டி வளவுக்குள் காலை வைத்ததும் யாரும் பேச மாட்டார்கள். நடு முற்றம் திறந்து கிடக்கும், அங்கே சூடான காற்று மேலே ஏறிப் போகப் போக, கட்டுக்கு கட்டு நேர்கோட்டில் வைத்த கதவுகள் வழியாகப் பின்பக்கத்துக் காற்று உள்ளே வரும். தடித்த சுவர், உயர்ந்த கூரை, முட்டை வெள்ளை கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. சுவரில் கன்னத்தை வைத்துப் பாருங்கள், ஈர மண்பானையைத் தொட்டது போலிருக்கும். இந்த வெயிலில் வாழ்ந்தவர்கள் கட்டிய வீடு.

வந்ததும் நேராக மின்விசிறிக்கு அடியில் படுத்துவிடாமல், பத்து நிமிடம் நடந்து, அப்புறம் குளியுங்கள். மதியச் சாப்பாட்டில் கோழியும் ஆடும் கூடாது. பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். உப்பும் நீரும் ஒன்றாக உள்ளே போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நடுவில் நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு. எடை பார்க்கும் மெஷின் ஒன்று குட்டி யானையில் வரும். காலையைவிட உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தவர் அதைச் சரிக்கட்டும் வரை மாலை ஓட்டத்துக்கு வர முடியாது.

பிறகு தூக்கம். தூக்கம் வராதவர்கள் டியூப் ஒட்டலாம்.

நாலேகால்: தேவகோட்டை நோக்கி

வெயில் இன்னும் இருக்கும், ஆனால் சாய்ந்திருக்கும். பதினெட்டு கிலோமீட்டர்தான். அரியக்குடி வழியாக, தேவகோட்டை ரஸ்தா ரயில் நிலையத்தைத் தாண்டி. கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் ஊர் என்று தெரிந்தவர்கள் ஹெல்மெட்டைத் தொட்டு ஒரு வணக்கம் போடுவார்கள்.

இந்த நேரத்தில் சில நாள் கடற்காற்று எதிரே வரும். முகத்துக்குச் சுகம், காலுக்குப் பாரம். வேகத்தைப் பார்க்காமல் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். மேற்கே கறுத்தால் கவனம். கோடை மழை இடி மின்னலோடு வரும். வெட்டவெளியில் தனிப் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடமோ குட்டி யானையின் உள்பக்கமோ பாருங்கள். புதிதாகத் தார் ஒட்டுப் போட்ட இடங்கள் பகல் முழுவதும் இளகிக் கிடந்திருக்கும், மழைத்தண்ணீர் பட்டதும் வழுக்கும்.

ஆறு மணிக்குள் தேவகோட்டை. இப்போது கோழி சாப்பிடலாம்.

ராத்திரி வேலை அரை மணி நேரம்தான்: உப்புப் பூத்த சட்டையை அலசிப் போடுவது, டயரில் பனியன் துணியை ஓட்டுவது, பாட்டில்களைச் சுடுதண்ணீரில் கழுவுவது. ஒரு பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி, படுக்கை வாட்டில் ஓட்டல்காரரின் ஃப்ரீசரில் வைக்கக் கேளுங்கள். காலையில் மீதிப் பாதியை ஊற்றினால் எட்டு மணி வரை சில்லென்று இருக்கும். முழுதாக நிரப்பி வைத்தால் பாட்டில் வெடிக்கும், அவர் கோபிப்பார். நாளைக்குத் தொண்டி வழியாகக் கடலோரம். அலாரம் மூன்றே முக்கால்.